மஞ்சள் தண்ணீர் பட்ட சிஸ்டம்

திங்கட்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு முதல் மூன்று சிஸ்டங்களிலும் படம் வரவில்லை என்று என் நோட்டில் எழுதியிருக்கிறேன். அதற்கு அடுத்த வரி இது: "ஆன் செய்ததும் எழுத்துகள் வரிசையாக ஓடுகின்றன, தெளிவாக இருக்கின்றன. படத்திரை வர வேண்டிய நேரத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம். பிறகு கறுப்பு. மானிட்டர் விளக்கு பச்சையிலிருந்து ஆரஞ்சு." இந்த வரியையும் நான்தான் எழுதினேன். எழுதியதோடு சரி, திரும்பப் படிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாராவது எனக்காகப் பேசக்கூடும்.

எங்கள் வகுப்பு ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், வெள்ளத்துரை அண்ணாச்சியின் அரிசி மண்டிக்கு மேல்மாடியில் நடக்கிறது. மாலை ஆறரை முதல் எட்டரை வரை. பகலில் நான் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் பில் டைப் செய்கிறேன். வகுப்பில் ஆறு சிஸ்டம், ஒன்றுக்கு இரண்டு பேராகப் பன்னிரண்டு பேர். ஆறும் ஏதோ ஒரு கப்பல் கம்பெனி கழித்துக்கட்டியவை. சொல்லிக்கொடுக்கும் அருள்நாதன் சார் எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டிருந்தார். ஆறு மானிட்டரும் ஆறு விதம் என்பதால், ஒவ்வொன்றுக்கும் தக்க பட அளவுகளை அந்தந்த சிஸ்டத்தில் அவரே கையால் எழுதி வைத்திருந்தார். கதவோரம் இருப்பது ஒன்றாம் நம்பர், ஜன்னலோரம் இருப்பது ஆறாம் நம்பர்.

அறையைப் பெருக்கித் துடைப்பது சொக்கம்மாள் அத்தை. எங்கள் வியாசர்பாடி பிளாக்கில் கீழ் வீடு. அவருடைய மகள் ஷாலுவும் நானும் இரண்டாம் நம்பர் சிஸ்டத்தில் சேர்ந்து உட்காருகிறோம். ராயபுரத்தில் ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து நிலக்கரித் தூள் வந்து மேஜையில் படியும். அத்தை தினமும் மாலையில் மானிட்டர்களைக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் எங்களை உள்ளே விடுவார். அறைச் சாவியும் அவரிடம்தான் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை வகுப்பில் ஆயுதபூஜை. எங்கள் வீட்டில் பூஜை கிடையாது. நாங்கள் பௌத்தர்கள். ஆனால் சாமான் தூக்க வர மாட்டேன் என்று சொல்வது மரியாதையில்லை என்பதால் போயிருந்தேன். "பூஜை உங்க இஷ்டம், எனக்கு ஒண்ணுமில்ல. கற்பூரத்த மட்டும் ஒயர் பக்கத்துல ஏத்தாதீய" என்று அண்ணாச்சி கீழேயிருந்து சொல்லியனுப்பினார். சிபியுக்களை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மானிட்டர்களை மட்டும் இறக்கித் துடைத்துப் பாயில் வரிசையாக வைக்கலாம் என்று முடிவானது. திரும்ப வைக்கும்போது மாறிவிடக் கூடாதே என்ற கவலை எனக்குத்தான் வந்தது. ஆறு சின்னத் தாள்களில் ஒன்று முதல் ஆறு வரை எழுதி, பசை தடவிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் நுழைந்தேன். ஒயரைக் கழற்றக் கழற்ற ஒவ்வொரு மானிட்டரின் முதுகிலும் ஒரு நம்பர் ஒட்டினேன். தீனா அவற்றைத் தூக்கிப் பாயில் வைத்தான். "மித்ரா இல்லாங்காட்டி நம்ம கிளாசு இன்னாத்துக்கு ஆவும்" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அத்தை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். மாவிலையை மஞ்சள் தண்ணீரில் தோய்த்துக் கதவுப் பக்கத்திலிருந்து தெளித்துக்கொண்டே போனார். நான் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை வந்து, நம்பர் பார்த்து மானிட்டர்களை மேஜையில் வைத்து ஒயர்களை நானே மாட்டினேன். ஆன் செய்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை சார் இல்லை. தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமைதான் வருவார். அதுவரை மித்ரா பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். முதல் மூன்று சிஸ்டமும் கறுப்பானதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"இன்னாபா, மூணும் ஒரே டயத்துல கண்ண மூடிகிச்சு" என்றான் தீனா. "ஹார்பர்ல ஸ்டிரைக்குன்னா இதுங்களுக்கும் சேத்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரியாது என்று சொல்வதற்கு வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. குனிந்து ஒன்றாம் நம்பர் சிபியுவைப் பார்த்தேன். பெட்டியின் மேல் மஞ்சள் பொட்டுகள் காய்ந்திருந்தன. இரண்டிலும் மூன்றிலும் அப்படியே. நான்கில் ஒரே ஒரு பொட்டு. ஐந்திலும் ஆறிலும் எதுவும் இல்லை. நான் நிமிர்ந்து சொன்னேன்: "பூஜையில் தெளித்த தண்ணீர் பின்பக்க இடைவெளி வழியாக உள்ளே போய் கிராஃபிக்ஸ் கார்டு பாதிக்கப்பட்டிருக்கலாம்."

இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டுப் பேச்சில் நான் சொல்லவில்லை. பாடப்புத்தகத்தில் இருப்பது போலச் சொன்னேன். கடைசியில் இருந்த "இருக்கலாம்" யார் காதிலும் விழவில்லை. விழ வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. அந்தப் பூஜையில் எனக்கு நம்பிக்கை இல்லாததும் சேர்ந்துகொண்டது. பழியை அதன்மேல் போட எனக்குச் சுலபமாக இருந்தது.

அத்தை துடைப்பத்தோடு கதவருகில் நின்றிருந்தார். "ரெண்டு சொட்டு தான் கண்ணு தெளிச்சேன்" என்றார். "டப்பா மேல தான் பட்டுது. உள்ள எப்படி போவும்?"

"பின்னாடி ஓட்டை கீது அத்தை" என்றேன்.

சத்தம் கேட்டு அண்ணாச்சி மேலே வந்துவிட்டார். வகுப்பை நடத்தும் அறக்கட்டளைக்கு அவர்தான் செயலாளர். கூடப் படிக்கும் மஜீது முந்திக்கொண்டு, "தண்ணி ஊத்திட்டாங்களாம் அண்ணாச்சி, மூணு சிஸ்டம் அவுட்டு" என்றான். தெளித்தது அதற்குள் ஊற்றியது ஆகிவிட்டது. நான் திருத்தவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றார் அண்ணாச்சி. அத்தையைப் பார்த்து, "நீ இனி உள்ள வராண்டாம். படியும் வராந்தாவும் தூத்தா போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள இது சரியாவலன்னா வேற ஆள் பாத்துக்கிடுதேன். இது ஊரார் குடுத்த பொருளு, பாத்துக்க" என்றார்.

அத்தை துடைப்பத்தைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். மாலையில் இந்த ஒரு வேலை, காலையில் இரண்டு வீடு. ஷாலுவின் அப்பா போனதிலிருந்து அவர்கள் வீடு இதில்தான் ஓடுகிறது. இது வகுப்பில் மற்ற யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும்.

அன்று பஸ்ஸில் ஷாலு என் பக்கத்தில் உட்காரவில்லை. எங்கள் நிறுத்தத்தில் இறங்கிய பிறகுதான் பேசினாள்.

"நோட்டுல எழுதிக்கினே இருந்தியே. எங்கம்மா பேரு போட்டு எழுதனியா, இல்ல வேலக்காரின்னு எழுதனியா?"

"அப்டிலாம் எழுதல ஷாலு."

"காட்டு."

நான் காட்டவில்லை. காரணம் என்ற இடத்தில் "துப்புரவுப் பணியாளர் நீர் தெளித்தது" என்று எழுதியிருந்தேன். அவர்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்றாம் நம்பர் சிபியுவைத் திறந்து, படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றினேன். சார் சொல்லிக்கொடுத்தபடி அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினேன். கார்டில் மஞ்சளும் இல்லை, ஈரமும் இல்லை, கரித்தூள்தான் இருந்தது. திரை மறுபடியும் கிறீச்சிட்டுக் கறுத்தது. புதன்கிழமை, எந்தக் கார்டுக்கும் பொருந்தும் பொது டிரைவர் மென்பொருளைப் போட்டு, படத்தின் அளவை இருப்பதிலேயே சிறியதாக வைத்துப் பார்த்தேன். படம் வந்தது. பெரிய பெரிய எழுத்துகளோடு அசிங்கமாக இருந்தாலும் முழுப் படம். "கார்டில் கோளாறு இல்லை" என்று எழுதிக் கீழே கோடும் போட்டேன்.

அப்போது வராந்தாவில் அத்தை பெருக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நிமிஷமே எழுந்து போய், தண்ணீரால் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். முழுக் காரணமும் தெரிந்த பிறகு சொல்வதுதான் முறை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழி சொன்னபோது முழுக் காரணம் தெரிந்துதான் சொன்னேனா என்று என்னை நானே கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஆபீசில் தலைவலி என்று சொல்லிவிட்டு ஐந்தரைக்கே வந்தேன். அத்தை கதவைத் திறந்துவிட்டு, உள்ளே கால் வைக்காமல் படியிறங்கிப் போனார். ஒன்றாம் நம்பரில் சார் அளவுகள் எழுதி வைத்த கோப்பைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். ஒரு மானிட்டர் நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதிதாக வரையலாம் என்பது அதில் இருக்கும். புது மானிட்டர் எண்பத்தைந்து முறை தாங்கும். பழையது பெரிய படத்தில் அறுபதைத் தாண்டினால் கிறீச்சிட்டு அணைந்துவிடும். எழுத்து மட்டும் ஓடும்போது மானிட்டருக்கு வேலை குறைவு, அதனால் எந்த மானிட்டரிலும் எழுத்து வரும். இதெல்லாம் சார் இரண்டாம் வாரத்திலேயே நடத்திய பாடம். கோப்பின் தலையில் அவர் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: மானிட்டரின் சீரியல் நம்பர், தயாரித்த வருஷம். ஒன்றாம் நம்பரின் கோப்பில் வருஷம் இரண்டாயிரத்து ஒன்று.

மேஜைக்குப் பின்னால் நுழைந்து ஒன்றாம் நம்பர் மானிட்டரின் முதுகைப் பார்த்தேன். தகட்டில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஆறு என்றிருந்தது. சீரியல் நம்பரும் வேறு. தகட்டுக்கு மேல் என் கையெழுத்தில் "1" என்று தாள் ஒட்டியிருந்தது.

சில விநாடிகள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு நான் எந்தப் பக்கமாக உள்ளே வந்தேன் என்று திரும்பிப் பார்த்தேன். கதவுப் பக்கத்தில் பெரிய யூ.பி.எஸ். பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது. அந்த வழியாக யாரும் நுழைய முடியாது. சனிக்கிழமையும் நான் ஜன்னல் பக்கத்திலிருந்துதான் நுழைந்திருக்கிறேன். முதலில் கையில் பட்ட ஆறாம் நம்பர் மானிட்டருக்கு ஒன்று என்று ஒட்டி, அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முன்பக்கம் நின்றுகொண்டு, கதவோரத்திலிருந்து ஒன்று இரண்டு என்று வைத்திருக்கிறேன். ஜன்னலோரத்துப் பழைய மூன்றும் முதல் மூன்று சிஸ்டங்களுக்கு வந்துவிட்டன. புது மூன்றும் அந்தப் பக்கம் போய், குறைந்த வேகத்தில் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தன. மாறிவிடக் கூடாது என்று ஒட்டிய தாள்கள்தான் மாற்றிவிட்டிருந்தன.

வகுப்பு தொடங்க முக்கால் மணி நேரம் இருந்தது. யாரையும் கூப்பிடவில்லை. ஆறு மானிட்டரையும் நானே வயிற்றில் அணைத்துத் தூக்கி இடம் மாற்றினேன். ஆறு தாள்களையும் எச்சில் தொட்டுச் சுரண்டி எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போது கூசுகிறது. தாள்களை ஏன் எடுத்தேன் என்று எனக்கு அப்போதே தெரியும்.

ஆறரைக்கு எல்லா சிஸ்டத்திலும் படம் இருந்தது. தீனா கை தட்டினான். "மூணு நாளா கோமாவுல இருந்ததுங்கள எழுப்பிட்டா பாரு. டாக்டரம்மா, நமக்கும் ஒரு ஊசி போடு." ஷாலு தட்டவில்லை, ஆனால் முகம் தெளிந்திருந்தது. ஓடிப்போய் அண்ணாச்சியைக் கூட்டிவந்தாள். இனி அம்மாவை உள்ளே விட்டுவிடுவார்கள் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன். சிஸ்டம் சரியானால் அத்தையின் வேலையும் தானாகச் சரியாகிவிடும், நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

அண்ணாச்சி ஆறு திரைகளையும் பார்த்தார். "கெட்டிக்காரிதான்" என்றார். பிறகு ஷாலுவிடம், "ஆனா தண்ணி ஊத்துன ஆளுகிட்ட திரும்ப ரூம ஒப்படைக்க முடியாதும்மா. இன்னைக்கு இந்தப் பிள்ளை சரி பண்ணிட்டு. அடுத்த தடவ யாரு பண்ணுவா? சிலுவையம்மாள்னு ஒரு ஆள்ட்ட சொல்லிட்டேன். நாளைக்கு அம்மாவ சாவியக் குடுத்துட்டுப் போவச் சொல்லு" என்றார்.

ஷாலு என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல் என்று அந்தப் பார்வை கேட்டது. நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சார் வந்தார். ஊர் அல்வாவைப் பிரித்து மேஜையில் வைத்துவிட்டு, "என்னம்மா கோளாறு? எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று ஆவலோடு கேட்டார்.

"கார்டு கொஞ்சம் ஈரமா இருந்துச்சு சார். ரப்பர் போட்டுத் துடைச்சேன்."

பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று எனக்குத் தெரியாது. "எழுத்து வந்துச்சா, வரலையா?" என்று அவர் கேட்டார். வந்தது என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். அடுத்த கேள்வியை அவர் கேட்பதற்குள் கதவருகில் செருப்புச் சத்தம் கேட்டது.

சொக்கம்மாள் அத்தை வந்திருந்தார். பின்னால் அண்ணாச்சி. அத்தை உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி, முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தார். "இந்தாங்க அண்ணாச்சி. தொடைக்கிற துணி ஜன்னலாண்ட கீது. வர்றவங்க கிட்ட சொல்லுங்க, கரித்தூளு மேல ஈரத்துணி போட்டா அப்பிக்கும். காஞ்ச துணில தான் தொடைக்கணும்."

காய்ந்த துணியால்தான் துடைக்க வேண்டும் என்று தெரிந்தவரைத்தான் தண்ணீர் ஊற்றியவர் என்று ஆக்கியிருந்தேன். நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

"அண்ணாச்சி, தண்ணியால ஒண்ணியும் ஆவல" என்றேன். "நான்தான் மானிட்டர மாத்தி வச்சிட்டேன். நம்பர் தப்பா ஒட்டனது நானு. அத்தை மேல ஒரு தப்பும் இல்ல. நேத்தே தெரியும். சாருகிட்ட இப்ப சொன்னது பொய்யி."

கைப்பையிலிருந்து தாள்களை எடுத்து மேஜையில் வைத்தேன். சார் அவற்றையும் யூ.பி.எஸ். பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அண்ணாச்சி கையில் வாங்கிய சாவியை அத்தையிடமே நீட்டினார். "வச்சுக்க. அந்தப் பொம்பளைட்ட நான் வேண்டாம்னு சொல்லிக்கிடுதேன். ஒண்ணும் மனசுல வைக்காத."

அத்தை சாவியை வாங்கிக்கொண்டார். ஆனால் போகவில்லை. அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அன்னிக்கு நீ சொல்லசொல்ல பதினோரு பேரு கேட்டாங்க கண்ணு" என்றார். கோபமில்லாமல், கணக்கைச் சரிபார்ப்பது போலத்தான் சொன்னார். "இன்னிக்கு ஆறு பேரு தான் கீறாங்க. மீதி அஞ்சு பேருக்கு நான் இன்னும் தண்ணி ஊத்துனவ தானே?"

"நான் சொல்லிடறேன் அத்தை. ஒருத்தர் விடாம சொல்றேன்."

"சொல்லு" என்றார். ஷாலு எழுந்து அம்மாவோடு படியிறங்கிப் போனாள்.

ஐந்து பெயர்களை எழுதிக்கொண்டேன். நான்கு பேர் திங்கட்கிழமை வந்தார்கள். ஒவ்வொருவரையும் தனியாக நிறுத்திச் சொன்னேன். ஒருத்தி, "அய்யோ பாவம்" என்றாள். அத்தையைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று தெரியவில்லை. பெயர்களை அடித்துக்கொண்டே வந்தேன். மஜீது மட்டும் மிச்சம். அந்த வாரத்தோடு வகுப்பை விட்டுவிட்டு, அத்திப்பட்டில் அனல் மின் நிலையத்திலிருந்து சாம்பல் லாரி ஓட்டும் காண்டிராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். செல் நம்பர் யாரிடமும் இல்லை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவனைத் தேடிக் கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறினேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே லாரிகள் நிற்கும் இடத்தில் விசாரித்ததும் ஒரு டீக்கடையைக் காட்டினார்கள். மஜீது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். புருவமெல்லாம் சாம்பல். கூட இரண்டு பேர்.

"ஏ மித்ரா, இன்னா இவ்ளோ தூரம்? குந்து, டீ சாப்பிடு" என்று நகர்ந்து உட்கார்ந்தான். பக்கத்திலிருந்தவர்களிடம், "சொன்னேன்லபா, ஒரு அம்மா கம்ப்யூட்டருக்கு மஞ்ச தண்ணி ஊத்தி குளிப்பாட்டி வுட்டுச்சுன்னு. அந்த கிளாசு தான் இது" என்றான்.

"குடம் குடமா ஊத்துச்சாமே" என்றார் அதில் பெரியவர். மூன்று பேரும் சிரித்தார்கள்.

"ஊத்தலண்ணா" என்றேன். "அவங்க எதுவும் பண்ணல. நான்தான் மானிட்டர மாத்தி வச்சிட்டு அவங்க மேல பழி போட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

பெரியவர் டீயை ஒரு வாய் குடித்தார். "அப்போ தண்ணி யாரு ஊத்துனது?" என்றார்.

"யாருமே ஊத்தல."

அவர் மஜீதைப் பார்த்தார். தண்ணீர் இல்லாவிட்டால் அந்தக் கதையில் ஒன்றுமே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. மஜீதுக்குச் சங்கடமாகிவிட்டது. "சரி வுடு மித்ரா, தெரியாம சொல்லிகினு இருந்துட்டேன். நம்ம லாரி செட்டு பசங்க ஒரு நாலஞ்சு பேரு கிட்டயும் சொன்னேன். நானே அவனுங்க கிட்ட சொல்லிக்கிறேன். நீ கெளம்பு, ஒரு மணிக்கு வண்டி கீது."

"அவங்க எப்ப வருவாங்க?"

"லோடு எறக்கிட்டு வரணும். அஞ்சாவும். இன்னாத்துக்கு?"

நோட்டை எடுத்து மஜீதின் பெயரை அடித்தேன். அந்த நாலைந்து பேரின் பெயர்களைக் கேட்டேன். அவன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னான். எழுதிக்கொண்டு அந்த பெஞ்சிலேயே ஓரமாக உட்கார்ந்தேன். மணி அப்போது பன்னிரண்டேகால்.